பயிற்சிக் கணக்கு

அப்பா ஷேர் மார்க்கெட் படிக்கப் போகிறேன் என்று சொன்னபோது அவள் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். தேய்த்து வைத்த தட்டையே எடுத்து இன்னொரு தரம் தேய்த்தாள். அறுபத்தேழு வயதில் மனுஷனுக்கு வரக்கூடிய ஆசை எத்தனையோ இருக்க, போயும் போயும் இதுதானா வர வேண்டும்?

ஆனால் வேண்டாம் என்று சொல்லவும் வாய் வரவில்லை. அம்மா இறந்து நாலு மாதம் ஆகியிருந்தது. அந்த நாலு மாதத்தில் அப்பா தானாக ஒன்றைக் கேட்டது இதுதான் முதல் தடவை. சாப்பிடுங்க என்றால் சாப்பிடுவார், குளிங்க என்றால் குளிப்பார்; சொல்ல மறந்தால் இரண்டும் கிடையாது. கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். சுவரில் ஒரு காலண்டர்கூடக் கிடையாது.

"நான் போனப்புறம் உனக்குன்னு என்னம்மா இருக்கு?" என்றார். "இருந்ததில பாதியை ஆஸ்பத்திரி தின்னுடுச்சு. மீதியைப் பெருக்கி வச்சுட்டுப் போறேன். முறையாப் படிச்சுட்டுத்தான் செய்வேன், பயப்படாதே."

அவளுக்கு நாற்பத்தொரு வயது. கல்யாணம் கூடிவரவில்லை, அதைப் பற்றி வீட்டில் பேசுவதை நிறுத்தியே பத்து வருஷம் ஆகிறது. ஒரு பரிசோதனை நிலையத்தில் எக்ஸ்ரே எடுக்கிற வேலை. அங்கே எல்லோருக்கும் அவள் 'எக்ஸ்ரே அக்கா'தான், எழுபது வயதுக்காரர்கள்கூட அப்படித்தான் கூப்பிடுவார்கள். சம்பளம் கைக்கும் வாய்க்கும் சரியாக இருந்தது. ஆகவே அப்பா சொன்னதில் தப்பு ஒன்றுமில்லை.

அப்பா முப்பத்து நாலு வருஷம் எடைமேடையில் வேலை பார்த்தவர். காலி லாரி வந்து நிற்கும், எடை பார்ப்பார். சரக்கு ஏற்றிக்கொண்டு வரும், மறுபடி எடை பார்ப்பார். அதிலிருந்து இதைக் கழித்துச் சீட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுவார். அவ்வளவுதான் வேலை. அந்த அவ்வளவில்தான் ஆயிரம் தில்லுமுல்லு. டிரைவர்கள் தீப்பெட்டிக்குள் நோட்டை மடித்து வைத்து நீட்டுவார்கள். அப்பா அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "தீப்பெட்டி எடை கூடுதலா இருக்கு, கொண்டு போப்பா" என்று திருப்பிக் கொடுத்துவிடுவார். அவருக்கு 'கிலோ' என்று பட்டப்பெயர். மனுஷனைப் பிடிக்காதவர்களும் அந்தப் பெயரைக் கொஞ்சம் மரியாதையோடுதான் சொன்னார்கள்.

படிக்கிறது என்று முடிவானதும் எங்கே படிக்கிறது என்ற கேள்வி வந்தது. போனில் ஒரு விளம்பரத்தை அவர் தெரியாமல் தொட்டுவிட்டார், பிறகு கேட்க வேண்டுமா? ஏழே நாளில் நிபுணர் ஆகலாம், வீட்டிலிருந்தபடி சம்பாதிக்கலாம், வேலையை விடலாம் என்று வரிசை கட்டி வந்தார்கள். அப்பா ஒரு நோட்டில் கட்டம் போட்டார். எந்த கோர்ஸ், எத்தனை நாள், ஃபீஸ் எவ்வளவு, சொல்லிக் கொடுக்கிறவர் போன வருஷம் இந்தத் தொழிலில் எவ்வளவு சம்பாதித்தார். கடைசிக் கட்டம் எல்லாருக்குமே காலியாகத்தான் இருந்தது.

முதலில் ஒரு ஓட்டல் அரங்கில் இலவச வகுப்பு. அவளும் கூடப் போனாள். உள்ளே பாட்டு காதைப் பிளந்தது. மேடையில் இருந்தவன் முதல் அரை மணி நேரம் தன் காரைப் படம் காட்டினான், அடுத்த அரை மணி நேரம் அந்தக் காரில் போன ஊர்களைக் காட்டினான். கேள்வி கேட்கலாம் என்று மைக் வந்ததும் அப்பா எழுந்தார். ஐயோ, உட்காருங்களேன் என்று அவள் சட்டையைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள், கேட்டால்தானே.

"தம்பி, போன வருஷம் உங்களுக்கு நஷ்டம் எவ்வளவு?"

அவன் சிரித்துக்கொண்டே, இங்கே நல்லதை மட்டும்தான் பேசுவோம் அங்கிள் என்றான். கூட்டம் கை தட்டியது. அப்பா உட்கார்ந்து அவள் காதருகில் சொன்னார்: காலி வண்டி எடையைச் சொல்ல மாட்டேன் என்கிறான், சரக்கு இவ்வளவு என்று மட்டும் எப்படி நம்புவது? வெளியே வரும்போது ஒரு பெண் ஓடிவந்து இன்னும் மூன்று இடம்தான் பாக்கி என்றாள். அரங்கில் பாதி நாற்காலி காலியாகக் கிடந்தது.

அடுத்தது போனிலேயே படிக்கிற கோர்ஸ். தள்ளுபடி இன்றோடு முடிகிறது என்று ஒருத்தி கூப்பிட்டாள். பதினோரு நாள் கூப்பிட்டாள், பதினோரு நாளும் இன்றோடு முடிந்தது. இன்னொருவன், படிக்கவே வேண்டாம், தினமும் காலையில் எதை வாங்குவது எதை விற்பது என்று நானே அனுப்பிவிடுகிறேன் என்றான். அப்போ நீயே வாங்கி நீயே விற்றுக்கொள், என்னை எதற்கு நடுவில் நிறுத்துகிறாய் என்று அப்பா வைத்துவிட்டார். அம்மா போன பிறகு அவர் அப்படிச் சுடச்சுடப் பேசி அன்றுதான் கேட்டாள். நாமாகவே ஒரு நல்ல இடம் தேடிக் கொடுத்தால் என்ன என்ற எண்ணம் அவளுக்கு அப்போதுதான் வந்தது.

அப்படித்தான் டீச்சரைக் கண்டுபிடித்தாள். நகல் எடுக்கும் கடை ஒன்றின் மாடியில் ஒற்றை அறை. டீச்சர் இருபத்திரண்டு வருஷம் ஒரு ஷேர் புரோக்கர் அலுவலகத்தில் இருந்தவர். இதை வாங்கு, அதை வில் என்று போனில் சொல்கிறவர்களுக்கு வாங்கியும் விற்றும் கொடுத்தவர். முதல் நாள் பத்துப் பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

"உங்கள்ல ஏழெட்டுப் பேர் பணத்தை இழப்பீங்க" என்று ஆரம்பித்தார் அந்த அம்மாள். "யார் யாருன்னு எனக்குத் தெரியாது. பிடிக்கலைன்னா இப்பவே கிளம்பலாம், நான் இன்னும் ஃபீஸ் வாங்கலை."

இரண்டு பேர் எழுந்து போனார்கள். அப்பா நோட்டைத் திறந்து தேதி போட்டார்.

டீச்சரின் முறை இதுதான். மூன்று மாதம் பயிற்சிக் கணக்கு. போனில் ஒரு ஆப். அதில் வருகிற விலை எல்லாம் அந்தந்த நிமிஷத்துச் சந்தை விலை. போடுகிற பணம் மட்டும் கற்பனை. வாங்கலாம், விற்கலாம், ஏமாறலாம், யாருக்கும் காலணா போகாது. மூன்று மாதம் முடிந்து அதற்கு மேலும் ஆசை இருக்கிறவர்கள் சின்னத் தொகை போட்டுச் சொந்தக் கணக்கு தொடங்கலாம். அப்போதும் ஒரே கம்பெனியில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போடக் கூடாது.

அப்பா எழுந்துவிட்டார். அப்படித்தான் சொல்ல வேண்டும். காலை எட்டு மணிக்குச் சவரம், எட்டரைக்குத் தேய்த்த சட்டை, ஒன்பதுக்கு மேஜை. வாங்கியதை ஒரு பக்கம், விற்றதை எதிர்ப் பக்கம், ஏன் வாங்கினார் என்று கீழே இரண்டு வரி. நஷ்டத்தை மட்டும் சிவப்பு மையில் எழுதுவார். நஷ்டத்தை இப்படி எழுதி வைக்கிறவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை என்று டீச்சரே அவளிடம் சொன்னார். மதியம் அவள் போனில் கூப்பிட்டுச் சாப்பிடச் சொன்னால், இரும்மா, மார்க்கெட் முடியட்டும் என்பார். அந்த 'இரும்மா'வைக் கேட்ட முதல் நாள் அவள் எக்ஸ்ரே அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, அழுது தீர்த்துவிட்டுத்தான் அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.

மூன்று மாதம் முடிந்தது. கற்பனைப் பணத்தில் நல்ல லாபம். அப்பா கணக்கு தொடங்கும் ஃபாரத்தில் நாலு இடத்தில் கையெழுத்துப் போட்டு, மீதிப் பணத்தின் பேங்க் டெபாசிட் ரசீதையும் சேர்த்து அவளிடம் நீட்டினார். பேங்க் வேலை, போன் வேலை எல்லாம் அவள்தான் பார்ப்பது.

"எல்லாத்தையும் போடும்மா."

டீச்சர் சின்னத் தொகைதானே சொன்னார் என்று அவள் பதறினாள். சின்னத் தொகை நாள் இருக்கிறவர்களுக்கு, எனக்கு நாள் இல்லையே என்றார். அந்த டெபாசிட்டை விட்டால் வீட்டில் வேறு காசு கிடையாது. போட்டுப் போய்விட்டால் அப்பாவுக்கு நாளைக்கு ஒரு காய்ச்சல் வந்தாலும் கையை விரிக்க வேண்டியதுதான். போட மாட்டேன் என்றால் மறுபடி நாற்காலி, மறுபடி அந்தச் சுவர். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி.

ஃபாரத்தை நாலு நாள் கைப்பையில் சுமந்தாள். ஐந்தாம் நாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் அப்பாவின் ஆப்பைத் தன் போனில் திறந்து, இன்னொரு பயிற்சிக் கணக்கு தொடங்கினாள். எவ்வளவு கற்பனைப் பணம் வேண்டும் என்று கேட்டது. டெபாசிட்டில் எவ்வளவோ அதைக் காசு பிசகாமல் போட்டாள். கணக்குக்கு என்ன பெயர் என்று கேட்டது. பழைய கணக்கின் பெயர் 'பயிற்சி'. இதற்கு 'அப்பா' என்று வைத்தாள். சாயங்காலம் வீட்டுக்கு வந்து, அப்பாவின் போனிலும் அதையே திறந்து வைத்து, எல்லாம் மாற்றிவிட்டேன், இனி இது நிஜப் பணம், பார்த்துச் செய்யுங்கள் என்றாள். குரல் ஒரு இழைகூட நடுங்கவில்லை.

எப்படி நடுங்கும்? அது அவள் தொழிலோடு வந்த பழக்கம். எலும்பு முறிந்திருப்பதை முதலில் பார்ப்பவள் அவள்தான். நுரையீரலில் இருக்கக் கூடாத நிழலை டாக்டருக்கு முன்னால் பார்ப்பவளும் அவள்தான். ஆனால் வாயைத் திறக்கக் கூடாது. மூச்சை இழுத்துப் பிடிங்க, விடுங்க, சட்டையைப் போட்டுக்கலாம், வெளியே உட்காருங்க. பதினேழு வருஷமாக இதே முகம். நல்லது செய்வதாக நினைத்து அந்த முகத்தை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டாள்.

ஒரு பொய் சொன்னால் அது குட்டி போடும். மாசக் கடைசியில் அப்பா, சீட்டு வரலையா என்று கேட்டார். எடைமேடைக்காரருக்குச் சீட்டு இல்லாமல் எதுவும் நடந்ததாக ஆகாது. மறுநாளே அவள் நிலையத்துக் கணினியில் உட்கார்ந்து, ஆப்பைப் பார்த்துப் பார்த்து ஒரு கணக்கறிக்கை தட்டச்சு செய்தாள். மேலே தலைப்பு, ஓரத்தில் எண், கீழே இதற்குக் கையொப்பம் தேவையில்லை என்று ஒரு வரி. அப்பா அதைத் தன் நோட்டோடு வரிக்கு வரி ஒத்துப் பார்த்து, சரியாக இருக்கிறது என்று துளை போட்டுக் கோப்பில் சேர்த்தார். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். அவள் அப்படியொன்றும் கெட்டிக்காரி இல்லை, ஆனாலும் எட்டு மாதம் ஓடியது. அப்பா அவளை நம்பினார், வேறு காரணம் கிடையாது.

ஐந்தாம் மாதம் இன்னொரு கூத்து. அவளுடைய பழைய ஸ்கூட்டர் வழியில் நின்று நின்று மானத்தை வாங்கிக்கொண்டிருந்தது. லாபத்தில் கொஞ்சம் எடு, உனக்குப் புது வண்டி வாங்கித் தருகிறேன் என்று அப்பா பிடிவாதமாக நின்றார். எங்கிருந்து எடுக்க? அவள் தன் சம்பளத்தின் பேரில் கடன் போட்டு வண்டியை எடுத்துவந்து, அப்பா வாங்கிக் கொடுத்தது என்று அக்கம்பக்கத்தில் காட்டினாள். அப்பா துணி எடுத்து அதைத் துடைத்துக்கொண்டே, உங்கம்மா இருந்திருந்தா பின்னாடி ஏறி உட்கார்ந்திருப்பா என்றார். அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்துக்கு மாதத் தவணை கட்டுகிறோம், கட்டிவிட்டுப் போவோம் என்று நினைத்துக்கொண்டாள்.

எட்டாம் மாதம் அப்பா டீச்சரின் சட்டத்தை மீறினார். ஒரு சிமெண்ட் கம்பெனி. வருஷக்கணக்கில் அதன் லாரிகளை எடை போட்டிருக்கிறார். அவன் வண்டி ஒரு மூட்டை கூடவும் வந்ததில்லை, குறையவும் வந்ததில்லை என்பார். அந்த ஒரே நம்பிக்கையில் கணக்கில் பாதிக்கு மேல் அதிலேயே போட்டார். லாரியில் சரக்கு சரியாக இருந்தால் கம்பெனிப் புத்தகத்திலும் எல்லாம் சரியாக இருக்கும் என்று வேறு யார் நினைப்பார்கள்? ஒரு திங்கட்கிழமை காலை, அந்தக் கம்பெனி வருஷக்கணக்காகப் பொய்க் கணக்கு காட்டியிருக்கிறது என்று செய்தி வந்தது. மத்தியானத்துக்குள் விலை பாதாளத்தில் விழுந்தது. மறுநாள் விற்கலாம் என்றால் வாங்க ஆள் இல்லை.

திங்கட்கிழமை மத்தியானமே, இரண்டு நோயாளிகளுக்கு நடுவில், அவள் போனைத் திறந்து பார்த்தாள். ஐயோ, எல்லாம் போச்சு என்றுதான் முதலில் தோன்றியது. பிறகு நினைவு வந்து, அட, இது கற்பனைப் பணம்தானே என்று சிரித்துவிட்டாள். நல்லவேளை, அன்றைக்கு நான் ஃபாரத்தைக் கொடுக்கவில்லை என்று தன் முதுகில் தானே தட்டிக்கொண்டாள். சொல்ல வெட்கமாக இருந்தாலும் உண்மை இதுதான்: அவளுக்கு ஜெயித்துவிட்ட மாதிரி இருந்தது. அன்று சாயங்காலமே உண்மையைச் சொல்லியிருக்கலாம். இரண்டு நாள் போகட்டும், பாடம் படிக்கட்டும் என்று விட்டாள். மடத்தனம் என்றால் இதுதான் மடத்தனம்.

மார்க்கெட் எப்படிப்பா என்று கேட்டதற்கு, நல்லாத்தான் போகுது என்றார் அப்பா. சோற்றைப் பிசைந்து பிசைந்து பாதியை மூடி வைத்தார். மூன்றாம் நாள் அவள் வேலை முடிந்து வந்தபோது வீடு பூட்டியிருந்தது. அரை மணி கழித்துத் தெருமுனையில் அப்பா வருவது தெரிந்தது. தேய்த்த சட்டைதான், ஆனால் மேலெல்லாம் புழுதி. பஸ் காசை மிச்சம் பிடித்து நடந்தே வந்திருக்கிறார்.

உள்ளே வந்து தண்ணீர் குடித்தார். அவளை உட்காரச் சொன்னார்.

"உன் பணத்தைத் தொலைச்சுட்டேன்மா" என்றார். "டீச்சர் படிச்சுப் படிச்சுச் சொன்னாங்க, நான்தான் கேட்கலை. நீ என்னை நம்பி மொத்தத்தையும் கொடுத்தே."

அவள் குறுக்கே பேச வாயெடுத்தாள். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். அவர் அதற்குள் ஏற்பாடு செய்துவிட்டாராம். எடைமேடைக்குப் போனாராம். மேனேஜர் புதுப் பையன், இருபத்தெட்டு வயது இருக்கும், அவரை யாரென்றே அவனுக்குத் தெரியாது. வெளியே ஒன்றரை மணி நேரம் நிற்க வைத்திருக்கிறான்.

"'பெரியவரே, ராத்திரி பூரா கேட்ல நிக்க முடியுமா'ன்னு கேட்டான். முடியும் சார்னு சொன்னேன். வாட்ச்மேன் வேலை, திங்கக்கிழமையிலேருந்து. ஒரு மூணு வருஷம் நான் நல்லா இருந்துட்டா போதும், கொஞ்சமாவது ஈடு கட்டிடுவேன்."

அவளுக்குத் தாங்கவில்லை. அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. அப்பா, ஒண்ணும் போகலைப்பா, ஒரு காசுகூடப் போகலை என்று கத்திக்கொண்டே அலமாரிக்கு ஓடினாள். துணிகளுக்கு அடியிலிருந்து டெபாசிட் ரசீதை எடுத்துவந்து மேஜையில் வைத்தாள். அது வெறும் பயிற்சிக் கணக்கு, பொய்க் காசு, அந்த ஃபாரத்தை நான் கொடுக்கவே இல்லை, பணம் பத்திரமாக பேங்கில் இருக்கிறது, வட்டிகூட ஏறியிருக்கிறது என்று மூச்சுவிடாமல் கொட்டினாள். அப்பா எழுந்து அவள் தலையில் கை வைப்பார் என்றுதான் நினைத்தாள்.

அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு ரசீதைப் படித்தார். தொகையைப் படித்தார், தேதியைப் படித்தார், பின்பக்கம் திருப்பி முத்திரையைப் பார்த்தார். போன உயிர் திரும்பியது அவர் தோளில் தெரிந்தது. கண்ணை மூடி ஒரு நீண்ட மூச்சு விட்டார். பிறகு கண்ணைத் திறந்து, மெதுவாக, ஒவ்வொன்றாகக் கேட்க ஆரம்பித்தார்.

"நஷ்டம் பொய்னா, லாபமும் பொய்தானேம்மா?"

ஆமாம் என்றாள்.

"ஸ்கூட்டர்?"

கடன் போட்டது என்றாள். இன்னும் எத்தனை தவணை என்று கேட்டார், சொன்னாள். அப்பா எழுந்து கோப்பை எடுத்துவந்தார். எட்டு மாத அறிக்கைகளையும் பிரித்து மேஜையில் வரிசையாக வைத்தார். இதெல்லாம் என்று அவர் கேட்கவில்லை, விரலால் தொட்டுக் காட்டினார். நான்தான் அடித்தேன் என்று அவளே சொன்னாள். சொல்லும்போதுதான் தான் செய்தது என்னவென்று முதல் முறையாக அவளுக்கு உறைத்தது.

"எத்தனையோ பேர் என்கிட்ட பொய்ச் சீட்டை நீட்டியிருக்காங்க" என்றார் அப்பா. "பார்த்த உடனே சொல்லிடுவேன். இதுல எனக்குத் தெரியலை பாரு." கோபமே இல்லாத குரல். "பொய் நஷ்டத்துக்கு இன்னைக்கு நெஜமா கை கட்டி நின்னுட்டு வந்துட்டேன்."

அவள் அப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். திட்டுங்கப்பா, அடிச்சாலும் பரவாயில்லை என்றாள். எழுந்திரும்மா, நல்லதுக்குத்தானே செஞ்சே, பணம் இருக்கே, அது போதும் என்றார். சாப்பிட்டார். முழுதாகச் சாப்பிட்டார். மறுநாள் காலை எடைமேடைக்குப் போன் போட்டு, வாட்ச்மேன் வேலைக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டார்.

இரண்டு நாள் கழித்து அவள் டீச்சரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னாள். பயிற்சிக் கணக்கில் வருகிற பயம் பாதிப் பயம்தான் என்று வகுப்பில் சொல்வேன், நீங்கள் அவருக்கு முழுப் பயத்தையும் கொடுத்துவிட்டீர்கள் என்றார் அந்த அம்மாள். பிறகு, அவர் நன்றாகப் படித்தது மட்டும் பொய் இல்லை, அதை வேண்டுமானால் நானே வந்து சொல்கிறேன் என்றார். வந்தார், சொன்னார். அப்பா எழுந்து நின்று கும்பிட்டு, ரொம்ப நன்றிம்மா என்றார். சின்னத் தொகையில் நிஜக் கணக்கு ஒன்று தொடங்குவோமா என்று அவள் புது ஃபாரம் எடுத்துவந்து நீட்டினாள். எனக்கு எதற்கம்மா இனிமேல் என்று மடித்துக் கொடுத்துவிட்டார்.

அவர் பழையபடி நாற்காலிக்குப் போகவில்லை. அப்படிப் போயிருந்தால்கூட அவளுக்கு என்ன செய்வதென்று தெரிந்திருக்கும். சவரம் செய்தார், கடைக்குப் போனார், பேப்பர் படித்தார். ஆனால் அவள் எதைச் சொன்னாலும் ஒரு நொடி தாமதித்து, சரிம்மா என்றார். மழை வரும்போல இருக்கு, குடை எடுத்துக்கோங்க என்றால் ஜன்னல் வரை போய் வானத்தைப் பார்த்துவிட்டு வந்து எடுத்துக்கொண்டார். மாத்திரையைக் கையில் கொடுத்தால் அட்டையைத் திருப்பி எழுத்தைப் படித்துவிட்டுப் போட்டுக்கொண்டார். வேண்டுமென்று செய்யவில்லை, அவளுக்கு அது நன்றாகத் தெரியும். தெரிந்ததால்தான் இன்னும் வலித்தது.

மூன்று வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள், அப்பா எதிரே உட்கார்ந்து தலையணை உறைகளை எடுத்து எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். கொடுத்துக்கொண்டே கேட்டார்.

"உங்கம்மா கடைசியா சொன்னதா ஒண்ணு சொன்னியே."

அம்மா போன நேரத்தில் அப்பா பக்கத்தில் இல்லை. டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்தை வாங்கக் கீழே மருந்துக்கடை வரிசையில் நின்றுகொண்டிருந்தார். மேலே வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அன்றைக்கு ஆஸ்பத்திரி நடையில் வைத்து அவள்தான் சொன்னாள், அம்மா கண்ணைத் திறந்து உங்களைத் தேடினாங்க, 'அவர் காலைலேருந்து நின்னுட்டே இருக்கார், அவரை உட்காரச் சொல்லு'ன்னு சொன்னாங்க என்று. அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டுதான் அப்பா சுடுகாடு வரைக்கும் நடந்தார். மறுநாளிலிருந்து நாள் தவறாமல் எழுந்ததும் அதனால்தான்.

"ஆமாப்பா, சொன்னாங்க" என்றாள்.

"நெஜமாவே சொன்னாளா?"

மடித்துக்கொண்டிருந்த துணி கையிலேயே நின்றுவிட்டது. "நெஜமாப்பா. சத்தியமா. அப்படியே, அதே வார்த்தை."

அப்பா அவள் முகத்தைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். அவளும் முகத்தைத் திருப்பாமல் காட்டிக்கொண்டிருந்தாள், இதில் ஒன்றும் இல்லை, பாருங்கள், நன்றாகப் பாருங்கள் என்று. ஆனால் எட்டு மாதம் மாசக் கடைசியில் அறிக்கையை நீட்டியபோதும் இதே முகத்தைத்தான் அவரிடம் காட்டியிருந்தாள்.

அவர் அவள் கையை இரண்டு தரம் தட்டிக் கொடுத்தார்.

"சரிம்மா. எனக்காகத்தானே சொல்லியிருப்பே. தப்பில்லை."

"ஐயோ, இல்லைப்பா!" என்று அலறினாள். நர்ஸ் பக்கத்திலேயே நின்னாங்க, வேணும்னா போய்க் கேட்போம், இப்பவே போவோம் என்றாள். அம்மா மேல் ஆணை என்றாள். சொல்லச் சொல்ல அது அவள் காதுக்கே பொய் மாதிரி ஒலித்தது. ஒரு வருஷத்துக்கு மேலாக அவரிடம் இருந்த ஒரே நிஜத்தைத் தானே பிடுங்கிவிட்டது புரிந்து, தலையணை உறையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கினாள்.

அப்பா நாற்காலியை அவள் பக்கத்தில் நகர்த்திப் போட்டு உட்கார்ந்தார். முதுகைத் தடவிக் கொடுத்தார்.

"நம்புறேன்மா" என்றார். "நம்புறேன். அழாதே."

அவள் அழுகை நிற்க வேண்டும் என்பதற்காகத்தான் சொன்னார்.